வலது பக்கத்துத் தகடு

தொண்ணூற்றொன்றாம் வருடம் ஆனி மாதக் கடைசியில் ஸ்ரீபெரும்புதூரில் வந்து இறங்கியபோது என்னிடம் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் இரண்டு சட்டையும் ஒரு சிப்பிங் சுத்தியும். கப்பலின் துருவைத் தட்டி உதிர்க்கிற சுத்தி அது, இரண்டு முனையும் உளி போலத் தட்டையாக இருக்கும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தூத்துக்குடி, கொச்சி, விசாகப்பட்டினம் என்று துறைமுகம் துறைமுகமாக அந்தச் சுத்தியை வைத்துத்தான் சாப்பிட்டேன். விசாகப்பட்டினத்தில் ஒரு கப்பலின் தொட்டிக்குள் கூட வேலை செய்தவர்கள் மூச்சு முட்டி விழுந்தார்கள். அதற்குப் பிறகு கப்பல் வேலை போதும் என்று தோன்றியது. வேறு காரணம் எதுவும் இல்லை.

வந்த நேரம் சரியில்லை. அந்த மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் வெளியூர் முகத்தைக் கண்டால் போலீஸ் நிறுத்திக் கேட்டது. எனக்குத் தெற்கத்திப் பேச்சு வேறு. லாட்ஜில் இடம் இல்லை என்றார்கள். டீக்கடையில் டீ கொடுத்துவிட்டு எந்த ஊர், யாரைப் பார்க்க வந்தாய் என்று விசாரித்தார்கள். கொஞ்ச தூரத்தில் கார் பந்தயத்துக்காகப் புதிதாக ஒரு ஓடுதளம் போட்டிருந்தார்கள். அதன் இரும்பு வேலிகளுக்கு பெயிண்ட் அடிக்க ஆள் தேடினார்கள். சேர்ந்துகொண்டேன்.

அங்கே வேலியை வெல்டிங் செய்ய வந்தவன்தான் அவன். வடக்குப்பட்டுக்காரன், என்னைவிட நாலைந்து வயது சின்னவன். நான் கம்பியைத் தட்டுவதை முகமூடியைத் தூக்கிவிட்டு நின்று பார்த்தான்.

“இன்னா அண்ணே, காத வெச்சு கேட்டுகினு தட்டுற? உள்ள யாராவது கீறாங்களா?”

“நல்ல இரும்பு கணீர்னு கேக்கும். செத்த இரும்பு பொத்துன்னு கேக்கும். அதுக்குத்தான்.”

அவன் சிரிக்கவில்லை. “வெல்டு வெச்ச எடத்த அப்படி கண்டுபுடிக்க முடியுமா? நல்லா புடிச்சிகிதா இல்லயான்னு?”

“தட்டிப் பாத்தா பாதி தெரியும். பிரிச்சுப் பாத்தா முழுசா தெரியும்.”

மறுநாள் வேலை முடிந்ததும் அவனே வந்தான். வீட்டில் தங்க இடம் இருக்கிறது, சோறு இருக்கிறது, ஒரு காரின் சேசிஸ் இருக்கிறது, அதில் துரு எடுத்து மறுபடி துருப்பிடிக்காதபடி செய்து கொடுக்க வேண்டும் என்றான். தலைக்கு மேல் கூரை கிடைத்தால் போதும் என்ற நிலையில் நான் இருந்தேன். அவன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனேன்.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், வைக்கோல் போரை ஒட்டி, தார்ப்பாய்க்கு அடியில் அது கிடந்தது. கார் என்று சொல்ல மேலே ஒன்றும் இல்லை. நசுங்கிய பாடியைக் காயலான்கடைக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். அடிச்சட்டத்தை மட்டும் இவன் கொடுக்கவில்லை. இரண்டு நீளப் பெட்டிகள், நடுவில் குறுக்குச் சட்டங்கள். பெட்டிகள் உள்ளே கூடாக இருக்கும், பக்கவாட்டில் அங்கங்கே ஓட்டைகள். பின்பக்கம் வலது கோடியில் மட்டும் இரும்பு பிய்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் வயல் சேறு காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

அவன் அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். அவனுடைய அண்ணன் மெட்ராஸில் ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்தான். அந்த வீட்டுக் கொட்டகையில் பல வருடமாக ஓடாமல் கிடந்த பழைய சீமை ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே சீட்டு, கூரை கிடையாது, சிவப்பு. இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்று அவனுக்கே கொடுத்துவிட்டார்கள். அண்ணனும் தம்பியுமாக அதை ஓட வைத்தார்கள். கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்கு அதில் போனால், சாமி கும்பிட வந்தவர்கள் வண்டியைச் சுற்றி நிற்பார்களாம். ஒருநாள் கோவிலிலிருந்து திரும்பும்போது வளைவில் வலது பின்சக்கரம் சாய்ந்தது. வண்டி குட்டிக்கரணம் போட்டு வயலில் விழுந்தது. அண்ணன் அடியில் மாட்டிக்கொண்டான். வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் அந்தச் சக்கரத்தைத் தாங்குகிற இடத்தில் ஒரு விரிசலைப் பார்த்து, தம்பி தகடு வைத்து வெல்டு போட்டிருந்தான்.

“அந்த வெல்டுதான் வுட்டுச்சுன்னு ஊரே சொல்லுது. எங்கம்மாவும் சொல்லுது. நான் பாக்கல அண்ணே. பாய இழுத்து மூடிட்டு அப்பிடியே வுட்டுட்டேன்.”

“இப்ப மட்டும் ஏன்?”

“தெரியணும் இல்ல. நான்தான்னா நான்தான். இல்லன்னா அதுக்கு தெரியணும்.”

அது என்றால் அம்மா. அவள் அவனோடு நேராகப் பேசுவதில்லை. அவள் திட்டுவதை நான் கேட்டதில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், அவனுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, அவனோடு மட்டும் பேசாமல் இருந்தாள். நான் வரும்வரை அவனிடம் சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொல்லுவாளாம். நான் வந்ததும் மாட்டுக்கு விடுதலை கிடைத்தது.

“யப்பா, அவன கேளு. கஞ்சி குடிக்கிறானா, இல்ல இரும்பையே துன்னுட்டு படுத்துக்குவானா?”

“குடிக்கிறேன்னு சொல்லு அண்ணே.”

“குடிக்கிறானாம், அம்மா.”

“காதுல வுழுந்துது.”

முதல் வாரம் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகு இல்லை.

வேலையை முன்பக்கத்திலிருந்து தொடங்கினேன். செங்கல் அடுக்கி அதன்மேல் சேசிஸைத் தூக்கி வைத்தோம். சுத்தியால் தட்டி, வயர் பிரஷ் போட்டு, மண்ணெண்ணெயில் துடைத்து, வெறும் இரும்பு வெளுப்பாகத் தெரிந்த உடனே ரெட் ஆக்சைடு பூச வேண்டும். காற்று பட்டு நின்றால் மறுபடி துரு பூக்க ஆரம்பித்துவிடும். ஓடுதளத்தில் வேலை இல்லாத நாட்களில் அவனும் கூட உட்கார்ந்து தட்டுவான். வரப்பில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒருத்தர் எருமைகளை ஓட்டிக்கொண்டு போகும்போது, “இன்னாடா, வண்டிய எழுப்பப் போறியா? இந்த தரமாவது பலமா வைடா வெல்ட” என்றார். கெட்ட மனிதர் இல்லை. எனக்குப் பல தடவை பீடி கொடுத்திருக்கிறார். இவன் தலையை நிமிர்த்தாமல் தட்டிக்கொண்டே இருந்தான்.

வலது பின் கோடிக்கு நான் நகர்ந்தால் அவனுக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிடும். “அண்ணே, குறுக்குச் சட்டத்துக்கு இன்னொரு கோட்டு அடிச்சிடலாமே” என்பான். பார்க்க வேண்டும் என்று என்னைக் கூட்டி வந்தவனே பார்க்க விடாமல் நாட்களை ஓட்டினான். நான் அவசரப்படுத்தவில்லை. எனக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

ஆடிக் காற்று தொடங்கியது. ஏரி வறண்டு கிடந்ததால் காற்று தடையில்லாமல் வந்தது. மண்ணையும் பழைய பெயிண்டையும் எடுத்துவிட்டதால் பெட்டிகளின் ஓட்டைகள் எல்லாம் திறந்து கிடந்தன. காற்று அவற்றின் வழியாகப் புகுந்து போகும்போது காலி பாட்டில் வாயில் ஊதுவது போல ஒரு சத்தம் வந்தது. தாழ்ந்து, கொஞ்சம் ஏறி, நின்று, மறுபடி. பட்டப்பகலில், மாடு அசை போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்கும். எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் சுத்தியைக் கீழே வைத்தேன்.

அம்மா வறட்டி தட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்தாள். சாணிக் கையோடு சேசிஸின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

“கூப்புட்றான்” என்றாள்.

“காத்தும்மா” என்றேன்.

“காத்துதான். யாரு இல்லன்னா?”

அதற்குப் பிறகு காற்று எழும் நேரமெல்லாம் அவள் அங்கே வந்து உட்கார்ந்தாள். நான் தட்டுவதை நிறுத்த வேண்டியிருக்கும். சத்தம் அடங்கியதும், “நீ செய்யிப்பா” என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஒரு மழை பெய்தது. பெரிய மழை இல்லை. மறுநாள் வெயிலில் எல்லாம் காய்ந்துவிட்டது. வலது பெட்டியின் பின் ஓட்டை மட்டும் காயவில்லை. டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே இருக்கும் ஓட்டை அது. அதிலிருந்து பழுப்புச் சிவப்பில் தண்ணீர் கசிந்து, நான் பூசியிருந்த பெயிண்டின் மேல் கோடு இழுத்தது. துடைத்தேன். மறுநாளும் கசிந்தது. மழை நின்று எத்தனையோ நாளாகியும் அந்த இடத்தில் விரலை வைத்தால் ஈரம். அம்மா பார்த்துவிட்டு முந்தானையால் அதைத் துடைத்தாள். முந்தானையில் பட்ட கறையை அவள் கசக்கவில்லை, அதையே கட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த ஈரம் பழக்கமானது. கப்பலில் கடல் தண்ணீர் ஏறிய மூலைகள் இப்படித்தான் காயவே காயாது. உப்பு இருந்தால் இரும்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆனால் வடக்குப்பட்டில் கடல் ஏது?

“இன்னைக்கு அந்த மூலையப் பாத்துருவோம்” என்று அவனிடம் சொன்னேன். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். “சரி அண்ணே” என்றான்.

காய்ந்த சேற்றை நான்தான் உடைத்தேன். அவன் வைக்கோல் போரைப் பார்த்தபடி நின்றான். சேறு போனதும் தகடு தெரிந்தது. கை அகலத் தகடு. அதைச் சுற்றி அவன் போட்ட வெல்டு, மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரிடத்திலும் விடாமல் சுற்றி வந்திருந்தது. தகடும் வெல்டும் முழுசாக இருந்தன. கிழிந்திருந்தது வெல்டுக்கு அடுத்த பக்கம், பழைய இரும்பு. காகிதம் கிழிந்தது மாதிரி. அதன் ஓரத்தை விரலால் அழுத்தினேன். பொரி போல உடைந்து விழுந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பெயிண்டோடு நன்றாக இருந்திருக்கும். உள்ளே ஒன்றுமே இல்லை.

“திரும்பிப் பாரு” என்றேன். “உன் வெல்டு அப்படியே இருக்கு. பக்கத்து இரும்பு உள்ளேர்ந்து அரிச்சுப் போயிருக்கு. நீ இல்ல.”

அவன் வந்து பார்த்தான். வெல்டின் மேல் கட்டைவிரலை வைத்து முழுக்கத் தடவினான். பிறகு தரையில் உட்கார்ந்து, ஒரு மாதிரி மூச்சு வாங்கச் சிரித்தான். “அம்மா வரட்டும்” என்றான். “வரட்டும். இங்கயே உக்கார வெச்சு காட்றேன்.”

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் அந்தப் பெட்டியை மூட முடியாது. கம்பியை வளைத்துக் கொக்கி செய்து ஓட்டைக்குள் விட்டேன். மெத்தென்று ஏதோ தட்டியது. இழுத்தேன். துருச் சேற்றோடு ஒரு துணி முடிச்சு வந்தது. மஞ்சள் துணி. இன்னொன்று வந்தது, பிறகு இன்னொன்று. ஆழத்தில் கிடந்தவை நைந்து கூழாகியிருந்தன. ஒன்றைப் பிரித்தேன். பழுப்பேறிய கட்டி. நாக்கில் வைத்துப் பார்த்தேன். கல் உப்பு.

அவனைப் பார்த்தேன். அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

அவன்தான் சொன்னான். அமாவாசைக்கு அமாவாசை அம்மா வண்டிக்குத் திருஷ்டி சுற்றுவாளாம். ஊர்க் கண்ணெல்லாம் அந்தச் சிவப்பு வண்டியின் மேல்தான் என்று அவளுக்குப் பயம். சுற்றிய உப்பைத் தண்ணீரில் கரைத்துவிடுவாள். காவலுக்கென்று தனியாக ஒரு பிடி உப்பை மஞ்சள் துணியில் முடிந்து பெரியவனிடம் கொடுப்பாள், வண்டியை விட்டு விழாத இடத்தில் வை, நீ உட்காருகிற இடத்துக்கு அடியிலேயே இருக்கட்டும் என்று. மெட்ராஸ்காரர்கள் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று பெரியவன் அதைச் சீட்டுக்கு அடியில் சேசிஸ் ஓட்டைக்குள் தள்ளிவிடுவான். அம்மாவிடம் வைத்துவிட்டேன் என்பான். பொய் சொல்லவில்லை, வைத்துத்தான் இருந்தான்.

பழைய வண்டி. சீமையிலிருந்து வரும்போதே கொஞ்சம் துரு இருந்திருக்கும். உப்பினால் மட்டும்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இடது பெட்டியைத் தட்டினேன், கணீர் என்றது. அதில் யாரும் எதையும் வைத்திருக்கவில்லை.

“அண்ணே,” என்றான். “அதுக்கு சொல்லாத.”

“வெல்டு நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுவோம்.”

“உம்.”

முடிச்சுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு எங்கோ கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தான். பிறகு பம்புசெட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி வந்து அந்தப் பெட்டிக்குள் ஊற்றினான். உப்பு போகும்வரை கழுவினால்தான் பெயிண்ட் நிற்கும் என்று நான்தான் சொன்னேன். கீழே ஒழுகுகிற தண்ணீரைக் கையில் பிடித்து வாயில் வைத்துப் பார்ப்பான். துப்புவான். மறுபடி ஊற்றுவான். போதும் என்று நான் சொன்ன பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தான்.

அரித்த பகுதியை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்தான். அவன் வெல்டு போடும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், கண் கூசியதற்காக மட்டும் இல்லை. பெட்டிகளின் உள்பக்கத்துக்கு, லாரிகளிலிருந்து வடித்த பழைய ஆயிலில் மெழுகையும் கிரீஸையும் போட்டுச் சூடாக்கிக் கரைத்தோம். நெல்லுக்குப் பூச்சிமருந்து அடிக்கிற கைபம்பில் அதை ஊற்றி, குழாயை ஓட்டைக்குள் விட்டு, அடுத்த ஓட்டையில் வழிகிறவரை பீய்ச்சினோம். பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி ஓட்டைகளை அடைத்தோம். அடிப்பக்கம் முழுக்கத் தார்.

அன்று மதியம் காற்று அடித்தது. சேசிஸ் சத்தம் போடவில்லை.

அம்மா வந்தாள். வழக்கமான இடத்தில் குந்தி உட்கார்ந்து காத்திருந்தாள். வைக்கோல் பறந்தது, தென்னை ஆடியது. அவள் அடைத்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் துணியில் ஒரு புது முடிச்சு இருந்தது.

“அடங்கிட்டான்” என்று என்னிடம் சொன்னாள். “நாளைக்கு இதுல சின்னவன் ஏறுவான். இத்த அந்த சந்துல வெச்சு மூடுப்பா.”

நான் கையை நீட்டவில்லை. அவன் கிரீஸ் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“யப்பா, நீ வெளியூரான். உனக்கு இங்க யாரும் ஒறவு இல்ல, பகையும் இல்ல. நீயே பாத்துகீற. சொல்லு. அந்த வெல்டு வுட்டுச்சா இல்லயா?”

“வெல்டு விடலம்மா. வெல்டு நல்லா இருந்துது. பக்கத்துல இரும்பு துருப்பிடிச்சு விட்டுருச்சு. உள்ளேர்ந்து.”

அவள் யோசித்தாள். முட்டாள் இல்லை அவள்.

“உள்ளேர்ந்தா? பெரியவன் அத்த மழையில நிக்க வுட மாட்டானே. சாக்கு போட்டு போத்தி வெப்பான், கொழந்த மாதிரி. உள்ள எப்பிடி துரு வரும்? எந்த எடத்துல?”

நான் காட்டவில்லை. ஆனால் புதுத் தகடு வைத்த இடம் மற்ற இடத்தைவிடப் பளபளப்பாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அதன் மேலே, டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஓட்டையைப் பார்த்தாள்.

“துரு இல்லம்மா” என்றான் அவன். “இந்த அண்ணன் எனக்காக சொல்லுது. என் வெல்டுதான். ஒரு பக்கம் புடிக்கவே இல்ல. அவசரத்துல வுட்டுட்டேன்.”

நான் வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கையும் தொங்க, அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் மெல்ல மூச்சை விட்டாள், நெடுநேரம் அடக்கி வைத்திருந்தது போல.

“மாசா மாசம் காவல் வெச்சேன்” என்றாள். “அந்த காவலயும் மீறி எப்பிடி போனான், நான் எதுல கொற வெச்சேன்னு படுத்தா தூக்கம் வர்ல. அப்போ காவல்ல கொற இல்ல.”

“உன் மேல ஒண்ணும் இல்லம்மா.”

“இத்த அன்னிக்கே சொல்லி தொலச்சிருக்கலாம் இல்லடா, பாவி.”

அவள் அவனோடு நேராகப் பேசிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் அது உறைத்ததாகத் தெரியவில்லை. முடிச்சை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கி, “எனக்குத்தானே, என் மேலயே இருக்கட்டும்” என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவள் அதற்குச் சம்மதித்து உள்ளே போனாள்.

மறுவாரம் கிளம்பினேன். சேசிஸ் வேலை முடிந்துவிட்டது, பாடி எங்கும் கிடைக்கவில்லை. வீட்டில் அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொள்ள ஆரம்பித்த பிறகு எனக்கு அங்கே வேலையும் இல்லை. பஸ்ஸுக்காக ஒரகடம் கூட்டுரோடு வரை சைக்கிளில் கொண்டுவந்து விட்டான். கோபத்தை அடக்கி வைத்திருந்த நான் அங்கேதான் கேட்டேன்.

“ஏன்டா அப்படிச் சொன்ன? இந்த ஊர்ல நீ எப்படி இருப்ப?”

“எப்பவும் போலதான். ஊரு இன்னா புதுசாவா சொல்லப் போவுது?”

“நீ செய்யாத ஒண்ணு.”

“எனக்கு தெரிஞ்சிடுச்சு இல்ல, நான் இல்லன்னு. அது போதும் அண்ணே, நான் தூக்கிகினு நடப்பேன். உப்புதான்னு அதுக்கு தெரிஞ்சா கெணத்துல போய் வுழும்.” கொஞ்சம் கழித்து, “அது பாத்துச்சு அண்ணே, அந்த ஓட்டைய. பாத்துச்சு இல்ல?” என்றான்.

நான் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. “தெக்கத்தி ஆளு, போலீசு எறக்கிடப் போறான், பத்திரம்” என்று கண்டக்டரிடம் சொல்லி என் பையைத் தூக்கி உள்ளே போட்டான்.

அவள் அந்த ஓட்டையைப் பார்த்தாள். என்ன புரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரியாது. பெருமூச்சு விட்டது பிள்ளை சொன்னதை நம்பியா, அல்லது அவன் தனக்காக ஏற்றுக்கொண்டான் என்று தெரிந்தா? எத்தனையோ ஊர்களில், எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் இதை யோசித்திருக்கிறேன். அவள் இப்போது உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அவன் இருப்பான், என்னைவிடச் சின்னவன். வடக்குப்பட்டில் இன்னும் யாராவது அந்தப் பழைய பேச்சை எடுத்தால், அவனே ஒப்புக்கொண்டான் என்று சொன்னால், நான் சொல்வதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வெல்டு விடவில்லை. நான் கண்ணால் பார்த்தேன்.